கடிதம் கட்டடச் சொந்தக்காரருக்கு, பில் கடைக்காரனுக்கு

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போன இதழில் கடை வாடகை ஏறிப்போவது பற்றி வந்த கட்டுரையைக் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றபடியே, இரண்டு வாடிக்கையாளருக்கு நடுவில் ஒரு பந்தி என்று வாசித்து முடித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் வாடகையின் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிற ஒரு சின்னப் பில்லைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். வெட்டுவதென்றால் சொல்லிவிட்டு வெட்டுங்கள்.

மெல்பேர்ணின் தென்கிழக்குப் பக்கம் ஒரு கடைத்தெருவில் 11 வருடமாகப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். கடை என்னுடையது, கட்டடம் இன்னொருவருடையது. எங்கள் ஆக்கள் பெரும்பாலானவர்களின் நிலைமையும் அதுதான். வருடா வருடம் ஜூலையில் கட்டடச் சொந்தக்காரரின் ஏஜென்ட் ஒரு பட்டியல் அனுப்புவார்: கவுன்சில் (உள்ளூராட்சிச் சபை) வரி, தண்ணீர், கட்டடக் காப்புறுதி, அவசரசேவை நிதி. இதற்கெல்லாம் மொத்தமாக 'அவுட்கோயிங்ஸ்' என்று பெயர். வாடகைக்கு மேலே நாங்கள் கட்டவேண்டியது. பல வருடமாக அந்தப் பட்டியலின் அடியில் இருந்த மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கட்டி வந்தவன் நான், இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. போன வருடம் மகள் கணக்குப் பார்க்கத் தொடங்கினாள். "அப்பா, இது என்ன 'ஸ்பெஷல் ரேட், மார்க்கெட்டிங்' என்று 512 டொலர்? நீங்கள் எப்போது மார்க்கெட்டிங் செய்தீர்கள்?" என்று கேட்டாள்.

நான் செய்த மார்க்கெட்டிங் எல்லாம் கண்ணாடியில் ஒட்டின 'வாழைப்பூ வந்துவிட்டது' என்ற தாள்தான்.

ஏஜென்டுக்குப் போன் அடித்தேன். அது கவுன்சில் வரி, கவுன்சிலைக் கேளுங்கள் என்றார். கவுன்சிலுக்கு அடித்தேன். முப்பது நிமிடம் பாட்டுக் கேட்டபிறகு ஒரு பெண் பிள்ளை மிக மரியாதையாக விளங்கப்படுத்தினாள்: இது எங்கள் கடைத்தெருவை விளம்பரப்படுத்தவும் வியாபாரத்தை வளர்க்கவும் எடுக்கிற விசேட வரி, ஐந்து வருடத் திட்டம், தொடங்க முன்னர் எல்லோருக்கும் அறிவித்தல் அனுப்பினோம், ஆட்சேபணை கேட்டோம், தெருவில் இருக்கிற 64 கட்டடங்களில் மூன்று பேர்தான் ஆட்சேபித்தார்கள். எனக்கு அறிவித்தல் வரவில்லையே என்றேன். உங்களுக்கு வராது, சொந்தக்காரருக்குத்தான் போகும் என்றாள். சொந்தக்காரர் நல்ல மனுசன், எண்பது வயது தாண்டியவர். அவரிடம் கேட்டால், கவுன்சில் கடிதம் என்றால் வரிப்பில் என்று நினைத்து ஏஜென்டுக்கு அனுப்பிவிடுவேன் என்கிறார். ஏஜென்ட் எங்கே வைத்தாரோ. ஆக மொத்தம், காசு கட்டுகிறவனைத் தவிர மற்ற எல்லோருக்கும் விசயம் தெரிந்திருக்கிறது.

சரி, இந்த வரி ஏன் இருக்கிறது என்பதை முதலில் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் இதற்கு முழு எதிரி இல்லை.

மெல்பேர்ணின் சட்ஸ்டன் மாதிரி ஒரு பெரிய மோலை எடுத்துக்கொள்ளுங்கள். 1960 இல் திறந்தது, இன்றைக்கும் ஆட்டுக்குட்டிகளை ஓநாய் பார்ப்பதுபோல எங்கள் தெருக்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அங்கே முழுக் கட்டடத்தையும் நடத்துவது ஒரே நிர்வாகம். கடை எடுக்கிறவன் லீஸிலேயே விளம்பர நிதிக்கும் கையெழுத்து வைக்கிறான். நத்தார் அலங்காரம், இசை, டிவி விளம்பரம் எல்லாம் அந்தக் காசில் நடக்கும். கடைத்தெருவில் அப்படி ஒரு முதலாளி இல்லை. 64 கட்டடத்துக்கு 50 சொந்தக்காரர். வணிகர் சங்கம் விருப்பச் சந்தா கேட்டு வந்தால் பத்துப் பேர் கொடுப்பார்கள், ஐம்பது பேர் 'அடுத்த மாதம் பார்ப்போம்' என்பார்கள், ஆனால் தெருவுக்கு விளக்குப் போட்டால் வெளிச்சம் அறுபது கடைக்கும்தான் விழும். ஊர்க் கோயில் திருவிழாவில் உபயகாரர் மேளம் பிடித்தால் காசு கொடுக்காதவனும் திண்ணையிலிருந்து நாதஸ்வரம் கேட்பான் அல்லவா, அதே கதை. கோயிலில் அதைக் குற்றமாக யாரும் எடுப்பதில்லை, வியாபாரத்தில் எடுக்கிறார்கள். அதனால் கவுன்சில் நடுவில் வந்து, வரி மாதிரி எல்லோரிடமும் அறவிட்டு, அந்தக் காசை வணிகர் சங்கத்திடம் கொடுக்கிறது. சப்பல் ஸ்ட்ரீட், பிரன்ஸ்விக்கில் சிட்னி ரோட், கார்னகி எல்லாம் இந்த வழியில் போன இடங்கள்தான்.

இதை மெல்பேர்ண்காரர் கண்டுபிடிக்கவும் இல்லை. முதலில் தொடங்கியது கனடாவில், ரொரன்ரோவின் புளோர் வெஸ்ட் வில்லேஜ் என்ற தெருவில், 1970 இல். 1964 இல் யோர்க்டேல் மோல் திறந்தது. 1968 இல் நிலக்கீழ் ரயில் அந்தப் பக்கம் நீண்டது. அதுவரைக்கும் ட்ராமில் கடைகளைப் பார்த்துக்கொண்டு போன சனம் நிலத்துக்குக் கீழே போய்விட்டது. கடைக்காரருக்குக் காட்சி கொடுக்க ஆளில்லை. அவர்கள்தான் போய், எங்கள் எல்லோரிடமும் கட்டாயமாக வரி வாங்கி அதை எங்களுக்கே திருப்பிக் கொடுங்கள் என்று நகரசபையிடம் கேட்டார்கள். கடைக்காரர் வரி போடச் சொல்லிக் கேட்ட கதை உலகத்தில் அதிகம் இருக்காது.

ஆக, யோசனை கெட்டதில்லை. பிரச்சினை, இங்கே சம்மதம் வாங்குகிற விதத்தில்.

நான் சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் அந்த 512 டொலருக்காக மூன்று கிழமை இரவில் மகளோடு இருந்து வாசித்ததில் விளங்கியதைச் சொல்கிறேன், உங்கள் வாசகரில் கடை வைத்திருப்பவர் யாரும் இருந்தால் தேத்தண்ணியை வைத்துவிட்டு இந்தப் பகுதியைக் கவனமாகப் பார்க்கவும். எங்கள் விக்டோரியா மாநிலத்தில் இந்த வரி உள்ளூராட்சிச் சட்டம் 1989, பிரிவு 163 இன் கீழ் வருகிறது. 2020 இல் புதுச் சட்டம் வந்தபோதும் இந்தப் பகுதி பழைய சட்டத்திலேயே தங்கிவிட்டது. கட்டுகிறவனுக்கு 'விசேட நன்மை' கிடைக்கும் என்று கவுன்சில் கருதினால் வரியைப் பிரகடனம் செய்யலாம். கட்டடத்தின் மதிப்பைப் பார்த்துப் போட்டால் அது ரேட், எல்லோருக்கும் ஒரே தொகை என்றால் அது சார்ஜ், இரண்டையும் கலந்தும் போடலாம். செலவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இந்த வரியாலேயே அறவிடுவதென்றால் கட்டவேண்டியவர்களுக்கு ஆட்சேபிக்கும் உரிமை உண்டு. அறிவித்தல் வெளிவந்து 28 நாள் தருவார்கள். பாதிக்கு மேற்பட்ட கட்டடங்களிலிருந்து ஆட்சேபணை வந்தால் கவுன்சில் அந்த வரியைப் போடமுடியாது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எண்ணுவது எதிர்ப்பை மட்டும்தான். எங்கள் தெருவில் அதை நிறுத்த 33 கட்டடங்களிலிருந்து எழுதியிருக்கவேண்டும். எழுதாமல் இருந்தவர், கடிதத்தைத் திறக்காதவர், வேறு மாநிலத்தில் இருப்பவர், ஆங்கிலம் வாசிக்கச் சிரமப்படுபவர், காசை எப்படியும் வாடகைக்காரன் தலையில் போடலாம் என்று கவலையே படாதவர், இவர்கள் எல்லோருமே 'சரி' என்று சொன்ன கணக்கு. மூன்று கட்டடம் எதிர்ப்பு என்றால் 61 கட்டடம் ஆதரவு என்று காகிதம் பேசும். கலியாணப் பேச்சில் பெண் தலை குனிந்தால் சம்மதம் என்று எடுத்த காலம் போய்விட்டது என்று நினைத்தேன், கவுன்சிலில் இன்னும் இருக்கிறது.

இதில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது, அது எனக்கு ஐந்து வருடத்துக்கு முன்னரே தெரிந்திருக்கவேண்டும். வாடகைக்கு இருப்பவரும் ஆட்சேபிக்கலாம். சட்டம் கேட்பது ஒன்றுதான்: இந்த வரியை வாடகைக்காரர் கட்டவேண்டும் என்று லீஸில் நிபந்தனை இருப்பதைக் காட்டும் ஆவணத்தைக் கடிதத்தோடு சேர்த்து அனுப்பவேண்டும். லீஸில் அந்தப் பக்கத்தைப் போட்டோக்கொப்பி எடுத்தால் போதும். ஆனால் கதவு இருப்பதைச் சொல்லும் அறிவித்தல் கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்குத்தானே போகிறது! சட்டத்தின்படி கவுன்சில் பிரதி அனுப்பவேண்டியது கட்டப் பொறுப்பானவருக்கு, அதாவது சொந்தக்காரருக்கு. முன்பு என்றால் வாசலில் இலவசமாக விழுகிற உள்ளூர்ப் பேப்பரிலாவது இப்படியான அறிவித்தல்கள் கண்ணில் படும். 2020 இல் அந்தப் பேப்பர்களில் பல அச்சை நிறுத்திவிட்டன. இப்போது பெரும்பாலும் கவுன்சில் இணையதளத்தின் ஏதோ ஒரு மூலையில் கிடக்கும். கடை பூட்டி, கணக்கு முடித்து, இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் கவுன்சில் இணையதளத்தை மேய்கிற கடைக்காரரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

பிரகடனம் வந்தபிறகும், வரிக்கான அறிவித்தல் அனுப்பப்பட்ட திகதியிலிருந்து 30 நாளுக்குள் விகாட் என்கிற மாநிலத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 512 டொலருக்குத் தீர்ப்பாயம் போகிற துணிவு உங்களில் யாருக்கு இருக்கிறதோ தெரியாது, எனக்கு இல்லை.

இனி எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம். மகள் அந்தப் பழைய அறிவித்தலைத் தேடி எடுத்தாள். வரியால் வரும் விசேட நன்மை என்ன என்று எழுதியிருக்கிறார்கள்: தெருவுக்குச் சனம் கூடும், பெயர் வரும், அதோடு கட்டடங்களின் மதிப்பும் வாடகைக்கு விடும் தகுதியும் உயரும். இன்னொருமுறை வாசியுங்கள். கட்டடத்தின் மதிப்பு உயரும். யாருடைய கட்டடம்? மதிப்பு உயர்ந்தால், வாடகையைச் சந்தை விலைக்கு மாற்றுகிற தவணை வரும்போது ஏஜென்ட் என்ன சொல்வார்? 'தெரு இப்போது நல்லாய்ப் போகிறது, வாடகையும் ஏறத்தான் வேண்டும்' என்பார். அதாவது என் வாடகை ஏறுவதற்கான விளம்பரத்துக்கு என் கையாலேயே காசு கட்டுகிறேன். இதைக் கேட்ட என் பக்கத்துக் கடை கிரேக்கர், முப்பது வருடமாகக் கேக் விற்கிறவர், சிரித்துவிட்டுத் தோளில் தட்டினார். அவர் கட்டடத்தைச் சொந்தமாக வாங்கிவிட்டார், சிரிக்கலாம்.

இதே மாநிலத்தின் சில்லறைக் கடை லீஸ் சட்டம் 2003 ஐப் பாருங்கள். காணி வரியைக் கடைக்காரர் தலையில் போடமுடியாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. காணி சொந்தக்காரருடையது, அதன் வரியும் அவருடையது என்று அப்போது யாரோ யோசித்திருக்கிறார்கள். அந்த யோசனை மார்க்கெட்டிங் வரிவரை வந்து சேரவில்லை. சொந்தக்காரரின் சொத்து மதிப்பை உயர்த்துவதும் வரியின் நோக்கம் என்று கவுன்சிலே எழுதும்போது, குறைந்தது பாதியாவது அவர் பக்கம் நிற்கவேண்டாமா? சொந்தக்காரர் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. என்னுடையவர் கொரோனாக் காலத்தில் நான் கேட்க முன்னரே வாடகையைக் குறைத்தவர். ஆனால் மனுசன் நல்லவராக இருப்பதும் சட்டம் நியாயமாக இருப்பதும் வேறு வேறு.

இன்னொரு வேடிக்கை. கவுன்சில் இந்த வரிக்கு ஜிஎஸ்டி போடாது. சொந்தக்காரர் அதை என்னிடம் அறவிடும்போது 10 வீதம் சேரும், ஏனென்றால் அது வாடகையோடு சேர்ந்த கொடுப்பனவு ஆகிவிடுகிறது. பதிவு செய்த கடைக்காரர் பிறகு அதைத் திருப்பி எடுக்கலாம்தான். அரிசிக்கு ஜிஎஸ்டி இல்லை, மிக்சருக்கு உண்டு என்று கணக்கு வைத்தே தலை நரைத்தவனுக்கு இது ஒரு பெரிய விசயம் இல்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

மற்ற இடங்களில் எப்படி என்று வீட்டுக்குள்ளேயே விசாரித்தேன். எங்களுக்குத்தான் உலகம் முழுவதும் சொந்தம் இருக்கிறதே. மனைவியின் தம்பி லண்டனில் கிங்ஸ்டன் பக்கம். பிரித்தானியாவின் முதலாவது இப்படியான திட்டம் தொடங்கியதே கிங்ஸ்டனில்தான், 2005 ஜனவரியில். அங்கே வாக்கெடுப்பு நடக்கிறது. வாக்கு, கடையில் இருந்து வியாபார வரி கட்டுகிறவருக்கு, கட்டடம் யாருடையதாக இருந்தாலும் சரி. வாக்களித்தவர்களில் எண்ணிக்கையிலும் பெரும்பான்மை வேண்டும், அவர்களுடைய கடைகளின் வரி மதிப்பிலும் பெரும்பான்மை வேண்டும், இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் திட்டம் விழும். பெரிய கடைகள் மட்டும் சேர்ந்தும் நடத்தமுடியாது, சின்னக் கடைகள் மட்டும் சேர்ந்தும் நடத்தமுடியாது. ஐந்து வருடத்துக்குமேல் ஓடவேண்டுமென்றால் திரும்ப வாக்குக் கேட்கவேண்டும். மச்சானுக்கு அங்கேயும் குறை சொல்ல ஆயிரம் இருக்கிறது, ஆனால் 'எனக்குத் தெரியாமல் போட்டார்கள்' என்று சொல்லமுடியாது.

தங்கையின் கணவர் கனடாவில், ரொரன்ரோவுக்கு வெளியே கடை வைத்திருக்கிறார். ஒன்ராறியோவின் நகராட்சிச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு வசனம் இருக்கிறது: திட்டம் பற்றிய அறிவித்தல் கிடைத்த சொந்தக்காரர், வரியில் பங்கு கட்டுகிற வாடகைக்காரர் ஒவ்வொருவருக்கும் அதன் பிரதியை 30 நாளுக்குள் கொடுக்கவேண்டும், அந்த வாடகைக்காரர்களின் பட்டியலை நகரசபைக்கும் கொடுக்கவேண்டும். வாடகைக்காரரும் சங்கத்தில் உறுப்பினர். பத்துக் கட்டடம் வைத்திருப்பவருக்கும் ஒரு வாக்கு, ஒரு கடை வைத்திருப்பவருக்கும் ஒரு வாக்கு. அந்த ஒரு வசனம் இங்கே சட்டத்தில் இருந்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. எங்கள் பகுதி மாநில உறுப்பினருக்கும் இதையே எழுதினேன். 'உங்கள் கருத்து கவனத்தில் எடுக்கப்பட்டது' என்று பதில் வந்தது. எந்த மேசையின் கவனம் என்று கேட்டு எழுதலாம் என்றிருக்கிறேன்.

அப்புறம், காசு எங்கே போகிறது என்று பார்க்கலாம் என்று வணிகர் சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்துக்குப் போனேன். நானும் அதில் உறுப்பினராம், 11 வருடமாக! 64 கடைக்கு 11 பேர் வந்திருந்தார்கள், அதில் ஒருவர் சான்ட்விச்சுக்காக வந்தவர் என்று நினைக்கிறேன். கணக்கு ஒழுங்காகவே இருந்தது, அதைச் சொல்லாவிட்டால் பாவம். பெரிய தொகை பகுதிநேர ஒருங்கிணைப்பாளரின் சம்பளம். அடுத்தது நத்தார் அலங்காரம். பிறகு விளக்குக் கம்பங்களில் தொங்கும் கொடிகள், பேஸ்புக் பக்கம், ஈஸ்டருக்கு முயல் வேடம் போட்ட ஒருவர், சந்திரப் புத்தாண்டுக்குச் சிங்க நடனம். எல்லாம் நல்லதுதான். ஆனால் எங்கள் தெருவில் இந்தியக் கடை, இலங்கைக் கடை, நேபாளிக் கடை என்று எட்டு இருக்கிறது. எங்களுக்கு நத்தார் வியாபாரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. எங்கள் கிழமை தீபாவளிக்கு முன் கிழமையும், தைப்பொங்கலுக்கு முன் கிழமையும். ஜனவரி நடுவில் தெருவைப் பார்த்தால் நத்தார் அலங்காரத்தை இறக்கிவிட்டு வெறும் கம்பம் நிற்கும், ஒருங்கிணைப்பாளர் விடுமுறையில் கடற்கரையில் இருப்பார்.

எழும்பிக் கேட்டேன். என் ஆங்கிலம் கூட்டத்தில் கொஞ்சம் தடுமாறும், இருந்தாலும் கேட்டேன்: பொங்கலுக்கு ஏன் ஒன்றும் இல்லை? ஒரு நிமிடம் அமைதி. பிறகு ஒருங்கிணைப்பாளர் பிள்ளை, கெட்டிக்காரி, 'பொங்கல் என்றால் என்ன, எப்போது, எனக்கு எழுதித் தரமுடியுமா' என்று கேட்டாள். கோபத்தோடு போனவனுக்கு அந்த இடத்தில் கொஞ்சம் கூச்சமாகப் போய்விட்டது. 11 வருடமாக ஒருவருமே அவர்களுக்குச் சொல்லவில்லை. அவர்களுக்கு எப்படித் தெரியும்?

எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு நடந்தது ஒரு தனிக் கதை. தெருவில் மூன்று கல் வைத்து, விறகு மூட்டி, பானையில் பால் பொங்கவேண்டும் என்பது என் எண்ணம். ஜனவரி நடுவில், விக்டோரியாவில்! முழுத் தீத்தடை அறிவித்த நாளாக இருந்தால் வெளியில் விறகு மூட்டமுடியாது, அதுவும் முதல் நாள் பின்னேரம்தான் தெரியவரும். சரி காஸ் அடுப்பு என்று இறங்கி வந்தோம். பிறகு 20 மில்லியன் டொலருக்குப் பொதுப் பொறுப்புக் காப்புறுதி கேட்டார்கள். ஒரு பானைப் பொங்கலுக்கு 20 மில்லியன். நல்லகாலம், சங்கத்துக்கு ஏற்கனவே அந்தக் காப்புறுதி இருந்தது, அதுவும் நாங்கள் கட்டின வரியில்தான். சனத்துக்குச் சாப்பாடு கொடுப்பதென்றால் உணவுச் சட்டத்தின்கீழ் கவுன்சிலில் பதிவு, கை கழுவத் தண்ணீர், நடைபாதையில் தள்ளுவண்டி போக இடம் என்று பட்டியல் நீண்டது. நான் தனியாக என்றால் முதல் படிவத்திலேயே விட்டிருப்பேன். அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் மூன்று நாளில் முடித்தாள். சம்பளம் எதற்கு என்று கூட்டத்தில் கேட்க நினைத்து வைத்திருந்த கேள்வியை அன்றைக்கு விழுங்கினேன்.

பொங்கினோம். காற்று அடித்து அடுப்பு இரண்டு முறை அணைந்தது, பால் கிழக்கே பொங்கியதா மேற்கே பொங்கியதா என்று இரண்டு அம்மாமார் விவாதம், சிங்க நடனக் குழுவில் மத்தளம் அடிக்கிற பெடியன் தவிலைப் பார்த்துவிட்டு நகராமல் நின்றான். வியாபாரம் கூடியதா என்று கேட்டால் உண்மையைச் சொல்கிறேன்: வந்த சனத்தில் பாதிப்பேர் ஏற்கனவே என் கடைக்கு வருகிறவர்கள்தான், அவர்கள் எப்படியும் பச்சரிசி வாங்கியிருப்பார்கள். ஆனால் ஒரு இத்தாலியப் பாட்டி, மூன்று தெரு தள்ளி நாற்பது வருடமாக இருக்கிறவ, இந்தக் கடைக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லையாம். பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு இதில் என்ன இனிப்பு என்று கேட்டு ஒரு கட்டிச் சர்க்கரை வாங்கிப் போனா. இப்போது மாதம் இரண்டு முறை வருகிறா, காப்பியில் போடுகிறாவாம்.

இதையெல்லாம் பார்த்தபிறகும் வரியை எடுத்துவிடு என்று என்னால் சொல்லமுடியவில்லை. தெருவில் வியட்நாமியச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நண்பர் சொல்கிறார், எடுக்கத்தான் வேண்டும், நல்ல சாப்பாடு போட்டால் சனம் தானாக வரும், கொடி பார்த்து ஒருவனும் பசியோடு வருவதில்லை என்று. அவருடைய கடையில் சனிக்கிழமை வரிசை நிற்கும், அவர் சொல்வார். வரிசை நிற்காத கடைகளும் தெருவில் இருக்கின்றன. தைக்கிற கடைக்காரப் பெண்ணுக்கு இந்த வரி ஒரு நாள் உழைப்புக்குமேல் போகிறது, அவவுக்குக் கொடியாலும் முயலாலும் என்ன நன்மை வந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. கட்டட மதிப்பை வைத்துப் போடுகிற வரியில், யார் எவ்வளவு விற்கிறார் என்ற கேள்வியே வருவதில்லை.

அதனால் உங்கள் வாசகர்களில் கடைக்காரர்களுக்குச் சில விசயம். உங்கள் லீஸை எடுத்து அவுட்கோயிங்ஸ் பகுதியில் 'விசேட ரேட், சார்ஜ்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். விக்டோரியாவில் சில்லறைக் கடை என்றால், அவுட்கோயிங்ஸ் எவ்வளவு வரும் என்ற மதிப்பீட்டைச் சொந்தக்காரர் லீஸுக்கு முன்னரும் ஒவ்வொரு வருடமும் எழுத்தில் தரவேண்டும், தரும்வரைக்கும் கட்டவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. வருடம் முடிந்தபின் கணக்கும் தரவேண்டும். சண்டை பிடிக்கத் தேவையில்லை, கேட்டு ஒரு மின்னஞ்சல் போட்டால் போதும். தகராறு வந்தால் விக்டோரியச் சிறுவணிக ஆணையத்தில் சமரசம் பேசுவார்கள், தீர்ப்பாயத்துக்கு முன் அந்தப் படி இருக்கிறது. கடை வாங்கப் போகிறவர்கள் முக்கியமாக, இந்தத் தெருவில் திட்டம் ஓடுகிறதா, எப்போது முடிகிறது என்று கவுன்சிலைக் கேட்டுவிட்டுக் கையெழுத்து வையுங்கள். நான் 11 வருடத்துக்கு முன் கையெழுத்து வைத்தபோது கடையின் நிலம் டைல்ஸா சீமெந்தா என்றுதான் பார்த்தேன்.

உங்களிடம் கேட்பது ஒன்று, ஆசிரியரே. பேப்பரில் கோயில் திருவிழா விபரம் போட ஒரு பக்கம் வைத்திருக்கிறீர்கள், அதில் கீழே ஒரு மூலையில் நாலு வரி இடம் தாருங்கள்: இந்தக் கவுன்சில், இந்தத் தெரு, விசேட வரி அறிவித்தல் வந்திருக்கிறது, ஆட்சேபிக்கக் கடைசி நாள் இது, வாடகைக்காரரும் லீஸ் பிரதியோடு எழுதலாம். அவ்வளவுதான். மகள் கிழமைக்கு ஒருமுறை எங்கள் பக்கத்துக் கவுன்சில்களின் இணையதளத்தைப் பார்த்து உங்களுக்கு அனுப்புவாள், அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். சிட்னி, பிரிஸ்பேன் பக்கம் சட்டம் வேறு மாதிரி, அங்கே இருக்கிற யாரும் அந்த வேலையைச் செய்தால் நல்லது.

எங்கள் தெருவின் திட்டம் அடுத்த ஜூன் 30 உடன் முடிகிறது. அதற்கு முன் புதிய அறிவித்தல் வரும். சொந்தக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், கவுன்சில் முத்திரையோடு என்ன வந்தாலும் ஏஜென்டுக்கு அனுப்ப முன்னர் எனக்கு ஒரு போன் அடியுங்கள் என்று. எதிர்த்து எழுதுவேனா, அல்லது பாதியைச் சொந்தக்காரர்கள் கட்டட்டும் என்று கேட்டு எழுதுவேனா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அவர்கள் போடுகிற பட்ஜெட்டில் பொங்கல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான். லீஸின் 14 ஆம் பக்கத்தை மட்டும் போட்டோக்கொப்பி எடுத்துக் கல்லாவுக்குள் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பலசரக்குக் கடைக்காரன்,
மெல்பேர்ண் தென்கிழக்கு